டோரையின் வாய்

கூபாவ் ஜீப்னி நிறுத்தத்தில் தியோடோரா கடகுடானின் வாய்க்குப் பயப்படாத ஓட்டுநர் கிடையாது. ஜீப்புக்கும் பஸ்ஸுக்கும் நடுவிலான அந்த வண்டிகளுக்கு ஆள் கூவி ஏற்றுவது அவள் தொழில். மூச்சுவிட இடமில்லாத வண்டியில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம் என்று அவள் சொல்லிவிட்டால், உள்ளே இருப்பவர்கள் நகர்ந்துதான் ஆக வேண்டும். நகராதவரின் இடுப்புச் சுற்றளவு என்னவென்று நிறுத்தம் முழுவதற்கும் தெரிந்துவிடும். நாற்பத்தாறு வயதாகியும் அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது ஏன் என்று கேட்டால், "என் வாய்க்கு ஈடு கொடுக்க ஒருத்தன் இன்னும் பொறக்கல" என்பாள். எல்லோரும் மரியாதைக்கு ஒரு 'அலிங்' சேர்த்து அவளை அலிங் டோரை என்றுதான் கூப்பிட்டார்கள், முதுகுக்குப் பின்னால் வேறு பெயர்கள் இருந்தன.

அந்த வாயைத் தொழிலுக்கு மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அவள் அதைக் கூடைப்பந்து அரங்கத்துக்கும் எடுத்துக்கொண்டு போனாள்.

எங்கள் ஊரில் கூடைப்பந்து எப்படி என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லீக்கில் ஒவ்வொரு அணியும் ஒரு கம்பெனியின் அணி. சிமெண்ட்காரனுக்கு ஒன்று, பெயிண்ட்காரனுக்கு ஒன்று, பால்பவுடர்காரனுக்கு ஒன்று. ஆளுக்கொரு அணியைப் பிடித்துக்கொண்டு, எதிரணி ஆட்டக்காரனின் தாத்தா வரைக்கும் இழுத்து வைவதுதான் எல்லோருக்கும் பொழுதுபோக்கு. டோரைக்கு அணி எதுவும் கிடையாது. சிமெண்ட் அணி ஆடும் நாட்களில் மட்டும் வருவாள். கூரைக்கு அடியில், மிக மலிவான கடைசி வரிசையில் உட்கார்ந்து தர்பூசணி விதை கொறிப்பாள். ஆயிரக்கணக்கான பேர் கத்தும்போது வாயே திறக்க மாட்டாள். சிமெண்ட் அணியின் இசித்ரோ கடகுடான் ஃப்ரீ த்ரோ போடக் கோட்டில் வந்து நிற்பான். அவனுடைய ரசிகர்களே "ஷ்ஷ்" என்று அரங்கத்தை அடக்குவார்கள். அந்த அமைதிக்காகத்தான் அவள் காத்திருப்பாள்.

"சித்ரோ, அப்பா செத்தப்ப எங்கடா இருந்தே?"

குரல் கூரையில் முட்டிக் கீழே இறங்கும். கேட்டவர்கள் சிலர் சிரிப்பார்கள், சிலர் ஐஸ் கட்டியை எடுத்து அவள்மேல் எறிவார்கள். இரண்டு முறை காவலாளிகள் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார்கள். சித்ரோ ஒருநாளும் மேலே பார்த்ததில்லை. அவன் உதடு மட்டும் லேசாக அசையும், பிறகு பந்து கையைவிட்டுப் போகும். ஏதோ ஜெபம் சொல்கிறான் என்று தொலைக்காட்சியில் வர்ணனை செய்பவர்கள் சொல்வார்கள்.

சித்ரோ அவளுடைய தம்பி. கூடப்பிறந்த தம்பி. வேறு யாராவதாக இருந்தால் இவ்வளவு வெறுப்பு எங்கிருந்து வரும்?

அப்பா எபோங் மொந்தால்பன் தடத்தில் ஜீப்னி ஓட்டியவர். நான்கு வருடத்துக்கு முன்னால், சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தினார், பச்சை விழுந்தபோது எடுக்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்து, இறங்கி வந்து திட்டிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. அப்போது லீக்கில் இறுதிச்சுற்று நடந்துகொண்டிருந்தது. ஏழு ஆட்டத்தில் நான்கு ஜெயித்தவருக்குக் கோப்பை. இரண்டு ஆட்டம் முடிந்திருந்தது.

இந்த அணிகளுக்கெல்லாம் ஒரு நம்பிக்கை உண்டு. துக்க வீட்டை மிதித்த கால், புதைக்கிற வரைக்கும் உடை மாற்றும் அறையை மிதிக்கக் கூடாது. மிதித்தால் கோப்பை போய்விடும். அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த பயிற்சியாளரும் இதை நம்புவார், மசாஜ் செய்கிறவரும் நம்புவார். போனால் திரும்பி வராதே, இருந்தால் போகாதே என்று சித்ரோவிடம் சொல்லிவிட்டார்கள். அவன் அக்காவுக்குப் போன் செய்தான். அவள் சொன்ன பதில் இது:

"கோப்பைதான் பெருசுன்னா அதையே அப்பான்னு கூப்பிட்டுக்கோ. இந்த வாசப்படிய மிதிக்காத."

வராதே என்று அக்கா சொன்னால் ஓடி வா என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் இது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். சித்ரோவுக்குத் தெரியவில்லை, அல்லது தெரியாதது போல் இருந்துவிட்டான். எங்கள் வழக்கப்படி அடக்கம் வரைக்கும் பத்து நாளுக்கு மேல் வீட்டில் பெட்டி வைத்து, தெருவில் தார்ப்பாய் கட்டி, விளக்குப் போட்டு, சீட்டு மேசைகள் போட்டு, ஒவ்வொரு இரவும் காப்பியும் பிஸ்கோத்துமாக ஊரே வந்து போயிற்று. அவன் வரவில்லை. அவனுக்குப் பதிலாக ஒரு மலர்வளையம் வந்தது. ஆளுயரம் இருந்தது. நடுவில் போட்ட ரிப்பனில் அப்பாவின் பெயர் சின்னதாகவும், சிமெண்ட் கம்பெனியின் பெயர் பெரிதாகவும் இருந்தது. டோரை அதைத் தெருக்கோடிச் சாக்கடைப் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துவைத்தாள்.

அடக்கத்தன்றுதான் ஏழாவது ஆட்டம். சிமெண்ட் அணி ஜெயித்தது. கோப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சித்ரோ விக்கி விக்கி அழுததை நாடே பார்த்தது. ஆனந்தக் கண்ணீர் என்றார் வர்ணனையாளர். கல்லறையிலிருந்து திரும்பி வந்திருந்த டோரை தொலைக்காட்சிப் பெட்டியைச் சுவர் பக்கமாகத் திருப்பிவைத்தாள்.

அன்றிலிருந்து அந்த ஒரு கேள்வி. அவன் பதில் சொல்ல வேண்டும், அப்பாவின் கல்லறை முன்னால் வந்து நின்று சொல்ல வேண்டும், அதற்கு முன்னால் அவனை நிம்மதியாக ஒரு பந்து போட விடுவதில்லை. அவள் வாழ்க்கையில் வேறு ஆசை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பிறகு கொரோனா வந்தது. மார்ச்சில் லீக்கின் புதிய பருவம் தொடங்கி, ஒரே ஒரு ஆட்டம் நடந்தது. அத்தோடு எல்லாம் நின்றது. ஜீப்னிகளும் நின்றன. வீட்டுக்கு ஒருவர்தான் வெளியே போகலாம், அதற்கும் ஒரு அட்டை. டோரையின் வாயில் முகக்கவசம், அதற்கு மேல் பிளாஸ்டிக் முகமூடி. வீட்டு வாசலில் அடுப்பு வைத்து, சர்க்கரைப் பாகில் வாழைக்காய் பொரித்துக் குச்சியில் குத்தி விற்றாள். கூவி விற்றால் எச்சில் தெறிக்கும் என்று பரங்கே, அதாவது வட்டார நிர்வாக, ஆட்கள் வந்து தடுத்தார்கள். "கூவாம எப்படிடா விப்பேன், சைகை காட்டியா?" என்று அவர்களோடு ஒரு சண்டை. அந்த மாதங்களில் அவள் எல்லோரையும் கடித்துக் குதறினாள். குரலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாத கோபம் அது.

செப்டம்பரில் செய்தி வந்தது. வருடத்துக்கு மூன்று கோப்பை நடக்கிற லீக், இந்த வருடம் ஒரே கோப்பை. அதுவும் ஊரைவிட்டுத் தள்ளி கிளார்க்கில், எல்லா அணியையும் ஒரே ஹோட்டலில் அடைத்துவைத்து, ஒரே அரங்கத்தில், ஒரு பார்வையாளன்கூட இல்லாமல். இன்னொரு செய்தியும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இசித்ரோ கடகுடானுக்கு முப்பத்தைந்து வயதாகிறது, இந்தக் கோப்பையோடு ஓய்வு பெறுகிறான், அவன் மனைவி வெளிநாட்டில், வின்னிபெக்கில் நர்ஸ், அவனும் அங்கே போகிறான்.

இந்தச் செய்தியை அவளிடம் சொன்னவன் டாசியோ. எதிர் வீட்டுப் பெட்டிக்கடைக்காரன், சிமெண்ட் அணியின் பரம ரசிகன். நான்கு வருடமாக டோரை அவனுடைய வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டிருந்தாள், இப்போது அவன் முறை.

"முடிஞ்சுது அலிங் டோரை. இனிமே உங்க தம்பி நிம்மதியா பந்து போடுவான். நீங்க இங்கேர்ந்து கத்துனா கிளார்க்குக்குக் கேக்குமா?"

"உன் கடைச் சரக்கு காலாவதி ஆனது கிளார்க்குக்கே தெரியும், என் குரல் கேக்காதா?"

"கோப்பைய வாங்கிட்டு நேரா ஏர்போர்ட். பனியில நின்னு அவனப் பார்த்துக் கத்த உங்களுக்கு விசா கிடைக்குமா?"

அவள் சுடச்சுட ஒரு வாழைக்காய்க் குச்சியை அவன் பக்கம் நீட்டினாள், கொடுக்கவா குத்தவா என்று தெரியாதபடி. தம்பி போய்விடுவான், கேள்வி இங்கேயே கிடக்கும். வீட்டுக்குள் போய் அவள் ஒரு பாத்திரத்தை எடுத்துத் தரையில் அடித்த சத்தம் டாசியோவுக்குக் கேட்டது. அவனுக்கு அன்று சாப்பாடு நன்றாக இறங்கியது.

அக்டோபரில் ஆட்டங்கள் தொடங்கின. டாசியோ தொலைக்காட்சியைத் தெருப் பக்கமாகத் திருப்பிவைப்பான். இடைவெளி விட்டு நின்று எல்லோரும் பார்ப்பார்கள். டோரை அடுப்புக்குப் பின்னாலிருந்து பார்க்காதது போல் பார்ப்பாள். காலி அரங்கத்தில் ஆட்டம் விநோதமாக இருந்தது. ஷூ தேயும் கிறீச் சத்தம் கேட்டது. பயிற்சியாளர்கள் வைகிற வார்த்தைகளெல்லாம் வீட்டுக்குள் வந்து விழுந்ததால் குழந்தைகளை உள்ளே அனுப்ப வேண்டியிருந்தது. கூடைக்கு அடியில் வைத்திருந்த மைக் எதையும் விடவில்லை.

மூன்றாவது ஆட்டத்தில் சித்ரோ ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு வந்தான். பந்தைத் தட்டினான். உதடு அசைந்தது. கூட்டம் இருந்த காலத்தில் யாருக்கும் கேட்காத அந்த ஜெபம் இப்போது நாடு முழுவதும் தெளிவாகக் கேட்டது.

"வாய மூடு, டோரை."

பந்து உள்ளே போனது. இரண்டாவதற்கும் அதே ஜெபம். அதுவும் போனது.

டாசியோ கடைப் பலகையில் கவிழ்ந்து விழுந்து சிரித்தான். மற்றவர்கள் அடுப்பைப் பார்த்தார்கள். டோரையின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அக்கான்னு ஒரு வார்த்தை வருதா பாரு அவன் வாயில," என்றாள். "பதினோரு வயசு மூத்தவ நான். பேர் சொல்லிக் கூப்பிடுறான், நாடு முழுக்க."

"நீங்க அங்க இல்லவே இல்ல. இல்லாதவங்கள எதுக்கு வாய மூடச் சொல்றான்?" என்று கேட்டாள் வாழைக்காய் வாங்க நின்ற ஒரு பெண்.

டோரை சர்க்கரைப் பாகு கருகும்வரை கிளறிக்கொண்டிருந்தாள்.

இரண்டே நாளில் அவள் பெயர் பிரபலமாகிவிட்டது. "வாய மூடு, டோரை" என்று பனியன் அடித்தார்கள். காணொளி எடுக்கிறவர்கள் வாசலில் வந்து நின்றார்கள், அவள் கொதிக்கும் எண்ணெயைக் காட்டியதும் போய்விட்டார்கள். லீக் அலுவலகத்திலிருந்து பாலோமா என்று ஒரு பெண் போனில் பேசினாள். தேன் ஒழுகும் குரல். அரங்கத்தில் ரசிகர்களுக்குப் பதிலாகப் பெரிய திரை வைத்திருக்கிறோம், அதில் வீட்டிலிருந்து பார்ப்பவர்களின் முகங்களைக் காட்டுகிறோம், சத்தம் மட்டும் வராது. உங்களுக்காக மட்டும் சத்தத்தையும் திறந்துவிடுகிறோம் என்றாள். சிமெண்ட் அணிக்குத் தோற்றால் வெளியே என்கிற ஆட்டம் வருகிறது. கடைசிக் கால்பகுதியில் உங்கள் தம்பி கோட்டுக்கு வரும்போது நீங்கள் கத்தலாம்.

"கெட்ட வார்த்தை மட்டும் வேணாம், மேடம்."

"நான் கேக்குறது ஒரே கேள்வி. அதுல கெட்ட வார்த்தையே கிடையாது," என்றாள் டோரை. மார்ச்சுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அன்றுதான்.

ஆட்டத்துக்கு முதல்நாள் மாலை டாசியோ போனும் கையுமாகத் தெருவைக் கடந்து ஓடி வந்தான். அக்கா எடுக்க மாட்டாள் என்று அவனுடைய தெய்வமே அவனைக் கூப்பிட்டிருந்தது. "உங்ககிட்ட பேசணுமாம்," என்று சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். டோரை போனைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"என்னடா, பேர் சொல்லிக் கூப்பிடப் பழகிட்டியாமே?"

"நாளைக்கு உன்ன திரையில போடுறாங்களாம்," என்றான் சித்ரோ. நான்கு வருடத்துக்குப் பிறகு அக்காவிடம் பேசுகிறவன் குரலில் பாசம் ஒன்றும் இல்லை.

"ஆமா. சத்தத்தோட."

"வேணாம்."

"பயமா இருக்கா?"

"எனக்கென்ன பயம். உனக்காகச் சொல்றேன்."

"அடேங்கப்பா. எனக்காக நீ யோசிக்க ஆரம்பிச்சது எப்பலேர்ந்து?"

"இந்தா பாரு. நீ என்ன கேப்பேன்னு எனக்குத் தெரியும். கூரைக்கிட்ட உக்காந்துக்கிட்டு நீ கேப்பே, கீழேர்ந்து நான் பதில் சொல்ல முடியாது. நாலு வருஷமா பல்லக் கடிச்சுக்கிட்டுப் பந்து போட்டேன். நாளைக்கு என் பக்கமும் மைக் இருக்கு. நீ கேட்டா நான் சொல்லிடுவேன்."

"சொல்லேன். அதுக்குத்தானே இத்தனை வருஷமா தொண்டை கிழியக் கத்துறேன். என்ன சொல்லுவே?"

"வந்தேன்னு சொல்லுவேன்."

டோரை போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அஞ்சாவது ஆட்டம் முடிஞ்சதும் வந்தேன். யார்கிட்டயும் சொல்லல. குளிக்கக்கூட இல்ல, ஆடின பனியனுக்கு மேல ஒரு ஜாக்கெட்ட மாட்டிக்கிட்டு வந்தேன். சீட்டு மேசைக்குப் பின்னால, விளக்குக் கம்பத்துக்கிட்ட நின்னேன். நீ காப்பித் தட்ட எடுத்துக்கிட்டு வாசலுக்கு வந்தே. என்னப் பார்த்தே. திரும்பி உள்ள போயிட்டே."

"கூட்டத்துல யாரோ சீட்டாட வந்தவன்னு நெனச்சிருப்பேன்."

"ஆறடி நாலங்குலத்துல நம்ம தெருவுக்குச் சீட்டாட எவன் வருவான்?"

"சரி, வந்தவன் உள்ள வர வேண்டியதுதானே? துக்க வீட்ல யாரையும் வாசலுக்குப் போய் வாங்கன்னு கூப்பிடக் கூடாது. போறவங்களக் கொண்டுபோய் விடவும் கூடாது. செஞ்சா அடுத்த சாவையும் சேர்த்துக் கூப்பிட்ட மாதிரி. இதுகூடவா தெரியாது உனக்கு?"

"அது வெளியாளுங்களுக்கு."

"அப்ப நீ யாரு?"

"அதத்தான் நானும் அங்க நின்னு யோசிச்சேன்," என்றான் சித்ரோ. "வாசப்படிய மிதிக்காதன்னு சொன்னவ நீ. நீ கூப்பிடுவேன்னு விடியிற வரைக்கும் நின்னேன். நாளைக்குக் கேளு. கேட்டா சொல்றேன். அப்புறம் ஊரு உன்னக் கேக்கும், தம்பி வாசல்ல நின்னப்ப நீ எங்க பார்த்துக்கிட்டு இருந்தேன்னு."

போன் துண்டிக்கப்பட்டது. வெளியே வந்து டாசியோவின் கையில் போனைத் திணித்தாள். "என்ன சொன்னான்?" என்று அவன் கேட்டதற்கு, "உன் கடையில கடன் வைக்காதன்னு சொன்னான்," என்றாள். அதில் காரம் இல்லை. டாசியோவே கவனித்தான்.

மறுநாள் டாசியோவின் கடையில்தான் ஏற்பாடு, அவனிடம்தான் இணையம் ஒழுங்காக இருந்தது. போனை அரிசி மூட்டைமேல் நிறுத்தி, டோரையை அதன் முன்னால் ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். உதட்டுச் சாயம் பூசியிருந்தாள். தெருவே அவள் முதுகுக்குப் பின்னால் நின்றது. தொலைக்காட்சியில் கூடைக்குப் பின்னாலிருந்த பெரிய திரை தெரிந்தது, அதில் எத்தனையோ தலைகளுக்கு நடுவில் அவள் தலை. மற்ற தலைகளெல்லாம் துள்ளின, கையாட்டின. அவள் கற்சிலையாக உட்கார்ந்திருந்தாள்.

எதிரணி பால்பவுடர். ஆட்டம் ஆரம்பத்திலிருந்தே அடிதடி. முழங்கையால் ஒருவன் உதட்டை இன்னொருவன் கிழித்தான். சித்ரோவை நெட்டித் தள்ளினார்கள், அவனும் சும்மா இருக்கவில்லை. ஆனால் கடைசிக் கால்பகுதி முழுவதும் அவன் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு வரவே இல்லை. முடிவதற்குச் சில நொடிகள் இருந்தபோது சிமெண்ட் ஒரு புள்ளி பின்னால் இருந்தது. சித்ரோ பந்தோடு உள்ளே பாய்ந்தான், இரண்டு பேர் அவன்மேல் விழுந்தார்கள், விசில். இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் போனால் வெற்றி, ஒன்று போனால் சமம்.

"சத்தத்தத் திறந்துட்டோம், மேடம்," என்றது போனில் பாலோமாவின் குரல்.

பெரிய திரையில் மற்ற தலைகளெல்லாம் மறைந்து டோரையின் முகம் மட்டும் வீட்டளவுக்கு விரிந்தது. முதல்முறையாக சித்ரோ தலையைத் தூக்கிப் பார்த்தான்.

பந்தைத் தட்டினான். நின்றான். மறுபடி தட்டினான். அவன் காத்திருப்பது எல்லோருக்கும் தெரிந்தது. நான்கு வருடமாக அந்தக் குரல் வந்து விழுந்த பிறகுதான் அவன் கை எழும்பிப் பழகியிருந்தது. குரல் வராத ஆட்டங்களில் அவனே அதை மனதில் வரவழைத்து, வாயை மூடச் சொல்லிவிட்டு, பந்தைப் போட்டான். இப்போது ஆளே எதிரில் இருக்கிறாள், தானாக வரவழைக்கவும் முடியவில்லை. தெருவில் யாரோ டோரையின் முதுகைக் குத்தினார்கள். "கேளுங்க, கேளுங்க." நாக்கு நுனியில்தான் இருந்தது கேள்வி. அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு தம்பியின் கண்ணையே பார்த்தாள்.

நடுவர் விசில் ஊதினார். பத்து நொடிக்குள் பந்தைப் போட வேண்டும். சித்ரோ போடவில்லை. முதல் வாய்ப்பு போயிற்று.

இரண்டாவதை அவன் தட்டக்கூட இல்லை, அப்படியே எறிந்தான். வளையத்தின் விளிம்பில் பட்டு வெளியே போனது. பால்பவுடர் ஒரு புள்ளியில் ஜெயித்தது. சிமெண்ட் அணிக்குக் கோப்பை முடிந்தது, இசித்ரோ கடகுடானின் ஆட்ட வாழ்க்கையும் முடிந்தது. அவன் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு இன்னும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் தோற்றவனின் வருத்தம் இல்லை, ஆத்திரம் இருந்தது.

டாசியோ போனை எடுத்து அரிசி மூட்டைக்குள் எறிந்தான்.

"நாலு வருஷம் யாரும் கேக்காமலே கத்துனீங்க. நாடே உக்காந்து கத்துங்கன்னு கேட்டப்ப வாயில என்ன கொழுக்கட்டையா? வேணும்னே பண்ணீங்க. கத்தியே கெடுக்க முடியாதவன வாய மூடிக் கெடுத்தீங்க."

நாடு முழுவதும் இதையேதான் சொன்னது. இப்படி ஒரு நஞ்சு உண்டா, கூடப்பிறந்தவளா இவள் என்று எழுதித் தள்ளினார்கள். தெருவில் அவளிடம் வாழைக்காய் வாங்குவதை நிறுத்தினார்கள். ஒருவர் அடுப்பை உதைத்துவிட்டுப் போனார். யாராவது ஏசினால் திருப்பி ஏசுகிறவள், இப்போது தலையைக் குனிந்துகொண்டு குச்சி சீவினாள். அது அவர்களுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

அடுத்த வாரம் ஒரு பிற்பகலில் சித்ரோ வந்தான். கம்பெனி வண்டி தெருமுனையில் இறக்கிவிட்டுப் போக, நடந்து வந்தான். குனிந்து பழகிய முதுகு, முகக்கவசம், இருந்தாலும் அந்த உயரத்தை எங்கே ஒளிப்பது? டாசியோ கடையைவிட்டு வெளியே வந்து நின்றான், ஜன்னல்கள் திறந்தன. சண்டை பார்க்க எல்லோரும் தயார்.

சித்ரோ வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். டோரை அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"ஏன் கேக்கல?" என்றான்.

அவள் குச்சியை எண்ணெயில் புரட்டினாள்.

"கேக்குறேன்ல. பார்க்கலன்னா, யாரோ சீட்டாட வந்தவன்னு நெனச்சது நெஜம்னா, நீ பாட்டுக்குக் கேட்டிருக்கலாமே. எதுக்குப் பயந்தே? அன்னிக்கு என்னப் பார்த்தியா இல்லியா?"

தெரு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் நினைத்திருந்தால் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அடுப்பை அணைத்தாள். முகக்கவசத்தை இறக்கினாள்.

"பார்த்தேன்."

டாசியோ பாதித் தெரு வரைக்கும் வந்துவிட்டான்.

"காப்பித் தட்டோட வந்தப்ப பார்த்தேன். ஜன்னல் வழியா இன்னும் ரெண்டு தடவ வந்து பார்த்தேன். உள்ள வரட்டும், அவனா வரட்டும், அப்பனப் பார்க்க வர்றவனுக்கு வெத்தல பாக்கு வச்சா அழைக்கணும்னு இருந்துட்டேன். காலையில பார்த்தா நீ இல்ல."

அதற்குப் பிறகு சித்ரோ கத்திய கத்தல் இருக்கிறதே, அது அந்தத் தெரு அதுவரை கேட்டதில்லை. அவனுக்கும் அதே அப்பா கொடுத்த தொண்டைதான், அதுவரை அவன் அதைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். பார்த்துவிட்டு எப்படி நான்கு வருடம் கேட்டாய், எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாய், என் பிள்ளைகள் அரங்கத்துக்கு வரவே பயந்தார்களே, கோப்பையைப் பிடித்துக்கொண்டு நான் யாருக்காக அழுதேன் என்று உனக்குத் தெரியுமா என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டான். அவளைப் பெயர் சொல்லித் திட்டினான். ஜீப்னி நிறுத்தத்தில்கூட யாரும் சொல்லாத வார்த்தைகளையெல்லாம் சொன்னான். கூபாவில் யாரிடமும் ஒரு வார்த்தைக்குக் கடன்படாத டோரை, மடியில் கையை வைத்துக்கொண்டு அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

மூச்சு வாங்க அவன் நிறுத்தினான்.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"இல்ல."

அவள் எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். கேட்டைத் திறந்துகொண்டு அவன் பக்கத்தில் வந்து நின்றாள், அவன் நெஞ்சு உயரம்தான் இருந்தாள்.

"அப்பா எந்த வரிசையில இருக்காருன்னு உனக்குத் தெரியாது. ஜீப்னியும் ஓடல. கல்லறைக்கு நடந்துதான் போகணும், தூரம் இருக்கு. திட்டிக்கிட்டே வா."

அவள் முன்னால் நடந்தாள். சித்ரோ அங்கேயே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு விட்ட இடத்திலிருந்து திட்ட ஆரம்பித்து, திட்டிக்கொண்டே அவள் பின்னால் போனான்.